பாட்டையாவின் பெட்டியில் ஓர் அபினிக் குழாய்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் பூர்வீக வீடு தேவகோட்டைப் பக்கம். பங்காளிகள் சேர்ந்து வீட்டைப் பழுதுபார்க்க முடிவு செய்து, இரண்டாங்கட்டு அறையைக் காலி செய்தபோது என் பாட்டையாவின் தகரப் பெட்டி கிடைத்தது. அவர் 1912 வாக்கில் பினாங்குக்குக் கணக்கெழுதப் போய், 1932இல் ஊர் திரும்பியவர். பெட்டிக்குள் வெள்ளிப்பூண் போட்ட மூங்கில் குழாய், அதன் மேல் பொருத்துகிற ஒரு மண் குமிழ், தடித்த கண்ணாடி மூடியுள்ள குட்டி விளக்கு, வயலின் போன்ற மரப்பெட்டிக்குள் ஒரு சின்னத் தராசு, பறவை வடிவத்தில் ஓர் உலோகப் பொம்மை இருந்தன. படங்கள் அனுப்பியிருக்கிறேன். பழம்பொருள் வியாபாரி ஒருவர் பார்த்ததும், ‘இது அபினி செட்’ என்று சொல்லி, மொத்தத்துக்கும் பன்னிரண்டாயிரம் தருவதாகச் சொன்னார். பாட்டையா திருநீறும் திருவாசகமுமாக வாழ்ந்தவர். ‘குடும்ப மானம் போகும், பாழுங்கிணற்றில் போடு’ என்கிறார் சித்தப்பா. சிங்கப்பூரில் இருக்கும் என் மகனோ, ‘நன்றாகத் துடைத்து எடுத்து வாருங்கள் அம்மா, அலமாரியில் வைக்கலாம்’ என்கிறான். இவை உண்மையிலேயே அபினிச் சாமான்களா? பாட்டையா அபினி பிடித்தவரா? இவற்றை என்ன செய்வது?
— வாசகி, வயது 58

பதில்:

அன்புள்ள ஆச்சிக்கு,

முதலில் உங்கள் மகனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கடிதத்தைப் பார்த்தால் அவர்தான் அவசரத்தில் இருக்கிறார். அந்தக் குழாயைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகவே கூடாது. போதைப்பொருள் புகைப்பதற்கென்று உள்ள குழாயைக் கையில் வைத்திருப்பதே அங்கே தனிக் குற்றம். சரக்கு உடன் இருக்கவேண்டும் என்பதில்லை. கொள்ளுத் தாத்தாவின் நினைவுப் பொருள் என்று விமான நிலையத்தில் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. கசகசாப் பொட்டலத்துக்கே கெடுபிடி செய்கிற ஊர் அது. (கசகசா அபினிச் செடியின் விதைதான் என்பது குருமாவுக்கு அரைக்கும்போது நமக்கு நினைவுக்கு வருவதில்லை.)

இங்கிருந்து அனுப்புவதற்கும் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நூறைத் தொடாத பொருள் என்றால், ‘தொல்பொருள் அல்ல’ என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கவேண்டும். 1912க்கும் 1932க்கும் நடுவே கைக்கு வந்த பொருளுக்கு இந்த நூறு வருடக் கணக்கு இரண்டு பக்கமும் ஆடும்.

துடைக்கும் பேச்சையும் விட்டுவிடுங்கள். குமிழின் உட்புறம் காய்ந்த கீல் போலப் படிந்திருப்பதை வெறும் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது அபினிக் கசடு. அதற்குள் இன்னும் மார்ஃபின் உண்டு. அந்தக் காலத்தில் பணக்காரன் புகைத்து முடித்த குழாயைச் சுரண்டி எடுத்த கசடை ஏழைகள் விலை கொடுத்து வாங்கி, மறுபடி காய்ச்சிப் புகைத்தார்கள் என்றால் அதன் வீரியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. அபினி புகைத்த பின் மிஞ்சும் கசடையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே குமிழை ஊசியால் குத்திப் பார்ப்பது, தண்ணீரில் ஊறவைப்பது எதுவும் வேண்டாம். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் படங்களைக் காட்டி, கசடு விஷயத்தில் என்ன செய்வது என்று கேளுங்கள். நீக்கவேண்டும் என்று முடிவானால், அதை வீட்டில் செய்யாமல் அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுக்கூடம் உண்டு, வழி கேட்கலாம். வெள்ளிப்பூணைப் பளபளவென்று தேய்த்துவிடவும் வேண்டாம். திருநீறு போட்டுத் தேய்த்த ஒரு வெள்ளிப்பூணில் பட்டறை முத்திரை பாதி அழிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி பொருள்களுக்கு வருகிறேன். வியாபாரி சொன்னது பாதி சரி.

வயலின் பெட்டித் தராசை எல்லோரும் ‘அபினித் தராசு’ என்றுதான் விற்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அது ஒற்றைத் தட்டு வைத்த வெள்ளிக்கோல். மலாய்க்காரர்கள் டாச்சிங் என்பார்கள். தங்கம், வெள்ளி, மணிக்கல், சீன மருந்துச் சரக்கு என்று விலை உயர்ந்ததும் எடை குறைந்ததுமான எதையும் நிறுக்க அதுதான். அபினியையும் நிறுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் படத்தில் கோலின் மேல் வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றன. அவை தாயில், சீ, ஹூன் அளவுகள்: பத்து ஹூன் ஒரு சீ, பத்துச் சீ ஒரு தாயில். மலாயாவில் ஒரு தாயில் ஏறக்குறைய 37.8 கிராம். பினாங்குக் கிட்டங்கியில் (நகரத்தாரின் கடையும் தங்குமிடமுமான கூடம்) பெட்டியடி என்ற கணக்கு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதியவரிடம் தங்கம் நிறுக்கும் கோல் இருந்ததில் வியப்பில்லை. தராசைக் கொண்டு பாட்டையாவின் மீது எந்தப் பழியும் போட முடியாது.

அந்தப் பறவை பொம்மை அல்ல, எடைக்கல். அது பர்மாவின் ஹம்சம். அங்கே ஹிந்தா என்பார்கள். பீடத்தின் மேல் பறவையோ சிங்கம் போன்ற விலங்கோ உட்கார்ந்திருக்கும் வெண்கல எடைகளைப் பர்மிய அரசர்கள் காலத்தில் சந்தைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள். 1885இல் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்த பிறகு அவை வழக்கொழிந்தன. பிறகு பாங்காக் கடைக்காரர்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு இவற்றை ‘அபினி எடை’ என்று விற்று, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நமக்கு இதில் வேறொரு சுவை இருக்கிறது. பர்மாவின் பெரிய எடை அலகை வெளியுலகம் ‘விஸ்’ என்று அழைக்கிறது. அது நம் வீசைதான். கடல் கடந்து போய், அங்கே கொஞ்சம் கனம் கூடி, 1.6 கிலோவுக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. பினாங்குக்காரர் பெட்டியில் பர்மா எடை எப்படி வந்தது என்று குழம்பாதீர்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த குடும்பங்கள் உங்கள் ஊரிலேயே எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

ஆக, ‘செட்’ என்று அவர் சொன்னதில் இரண்டு உருப்படிகள் கழன்றுவிட்டன. மீதி மூன்றும் அபினிக்கு உரியவைதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

என்னை நம்பவைத்தது விளக்கு. போலி செய்கிறவர்கள் குழாயில்தான் மினுக்குவார்கள். எலும்பில் டிராகன் செதுக்குவார்கள், ஒரே குழாயில் மூன்று நான்கு குமிழ்கூட வைப்பார்கள். விளக்கை யாரும் கவனிப்பதில்லை. உங்களுடையது குட்டையாக, கனத்த கண்ணாடியில், கவிழ்த்த கிண்ணம் போன்ற மூடியோடு இருக்கிறது; உச்சியில் சிறிய வாய். சுடர் அந்த வாய்க்கு வெளியே வராது, சூடு மட்டும் மேலே எழும். தாவர எண்ணெயில் எரியும் விளக்கு அது. வெளிச்சத்துக்காகச் செய்ததல்ல, அடுப்பு.

ஏன் அடுப்பு தேவைப்பட்டது என்பதில்தான் இந்தக் கருவியின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. புகையிலையைப் போல அபினி கொளுத்தப்படுவதில்லை. கச்சா அபினியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாகுபதத்துக்குக் காய்ச்சியதற்குச் சண்டு என்று பெயர். புகைக்கிறவர் பாயில் ஒருக்களித்துப் படுத்திருப்பார். ஒரு சொட்டுச் சண்டை ஊசி முனையில் விளக்குச் சூட்டில் வாட்டி, பட்டாணி அளவுக்கு உருட்டி, குமிழின் நடுவில் உள்ள நுண்ணிய துளையில் வைப்பார். குமிழை விளக்குக்கு மேல் சாய்த்துப் பிடித்ததும் அது பொங்கி ஆவியாகும். அந்த ஆவியைத்தான் இழுத்தார்கள். எரிந்தால் சரக்கு பாழ். அதனால்தான் குழாய் அத்தனை நீளம், குமிழ் அடைத்த மூடி போல் அத்தனை கெட்டி, துளை அத்தனை சிறிது. கடையில் அபினிக் குழாய் என்று ஏதாவது காட்டினால் நான் முதலில் பார்ப்பது துளையை. தீக்குச்சி உள்ளே போனால் வேறு பேச்சே வேண்டாம், வைத்துவிட்டு வந்துவிடுவேன். சீனர்கள் புகையிலைக்கு வைத்திருந்த வெள்ளைச்செம்பு நீர்க்குழாயை அபினிக் குழாய் என்று நம்பி வாங்கியவர்கள் நம்மூரில் எத்தனையோ பேர்.

இந்தப் பழக்கம் சீனாவிலேயே பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அபினியை மருந்தாகவும் போதையாகவும் விழுங்குவது ஆசியா முழுவதும் பழையது. நம் சித்த மருத்துவத்திலும் அபினி உண்டு. புகைக்கும் பழக்கம் அமெரிக்காவிலிருந்து புகையிலை வந்த பிறகுதான் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலும் தைவான் கரையிலும் புகையிலையோடு அபினியைக் கலந்து இழுத்தார்கள். சீனாவின் யொங்செங் பேரரசர் 1729இல் தடை செய்தது இந்தக் கலவையின் விற்பனையைத்தான். புகையிலையை விட்டுவிட்டுச் சுத்தச் சண்டை ஆவியாக்கும் முறை அதற்குப் பிறகு பரவியது. உங்கள் கையில் உள்ள குழாயின் வடிவம் அந்த முறைக்காகவே உருவானது.

சரக்கு எங்கிருந்து போனது? பெரும்பகுதி இந்தியாவிலிருந்து. கிழக்கிந்தியக் கம்பெனி 1773இல் வங்காள அபினியைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பாட்னாவிலும், காசிக்குப் பக்கத்துக் காஜிப்பூரிலும் உருண்டை பிடித்து, செடியின் பூவிதழ்களையே ஒட்டி உறையாக்கி, பெட்டிக்கு நாற்பது உருண்டை அடைத்து, கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். 1839இல் லின் சேஷு என்ற சீன அதிகாரி இருபதாயிரம் பெட்டிகளுக்கு மேல் பறித்து, ஹூமென் கரையில் சுண்ணாம்பும் உப்பும் கலந்து கடலில் கரைத்துவிட்டார். அதற்காகத்தான் முதல் அபினிப் போர். காஜிப்பூர்த் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது, மருந்துக்காக, அரசாங்கம்தான் நடத்துகிறது.

உங்கள் பாட்டையா பினாங்கில் இறங்கிய 1912இல் அங்கே அபினி விற்றது யார் தெரியுமா? பிரிட்டிஷ் சர்க்கார். 1909 வரை குத்தகை முறை. ஏலத்தில் உரிமை எடுத்த சீனப் பெருவணிகர்கள் சண்டு காய்ச்சி விற்றார்கள். பினாங்கு லீத் தெருவில் நீல மாளிகை கட்டிய சியோங் ஃபாட் ட்ஸேயின் செல்வத்திலும், டச்சுக்காரர் பகுதிகளில் அவர் எடுத்த அபினிக் குத்தகைக்குப் பங்கு உண்டு. 1910 முதல் சர்க்காரே தொழிற்சாலை வைத்துக் காய்ச்சி, தன் கடைகளில் விற்றது. சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங்கில் அந்த ஆலை இருந்த மேட்டுக்கு இன்றும் புக்கிட் சண்டு என்று பெயர், அபினிக் குன்று. சில ஆண்டுகளில் நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) வருமானத்தில் பாதியளவு இந்தப் புகையிலிருந்து வந்தது. சாலை, துறைமுகம், சம்பளம் எல்லாவற்றிலும் அந்தப் பணம் கலந்திருந்தது. புகைத்தவர்களில் பெரும்பாலோர் ரிக்‌ஷா இழுத்தும் மூட்டை சுமந்தும் உடம்பு நொந்த சீனக் கூலிகள். அவர்களுக்கு அது வலி மருந்து, வயிற்றுப்போக்கு மருந்து, ஊரை மறக்கும் மருந்து. பிறகு விடாத பிடி. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946இல்தான் அங்கே முழுத் தடை வந்தது. மான அவமானக் கணக்குப் பார்க்கும் சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அன்றைக்கு அந்தக் கடைக்குள் போனவன் சட்டத்தை மீறியவன் அல்ல, சர்க்காரின் வாடிக்கையாளன்.

கிணற்றில் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தச் சாமான்கள் இன்று அரிதானதற்குக் காரணமே அழிப்புத்தான். தடை வந்த ஊரிலெல்லாம் குழாய்களைக் குவித்துக் கொளுத்துவது ஒரு சடங்காகவே நடந்தது. சீன நகரங்களில் கொளுத்தினார்கள், சான் பிரான்சிஸ்கோவில் கொளுத்தினார்கள். பாங்காக்கின் சனாம் லுவாங் திடலில் 1959இல் ஆயிரக்கணக்கில் கொளுத்தினார்கள். மூங்கில் எரிந்தது. மண் குமிழ்களும் உலோகத் துண்டுகளும் சாம்பலில் தப்பின. அதனால் தனிக் குமிழ்கள் கிடைக்கும் அளவுக்கு முழுக் குழாய் கிடைப்பதில்லை. குழாயும் குமிழும் விளக்கும் ஒரே பெட்டியில், ஒரே வீட்டில், யார் கொண்டுவந்தார் என்ற விவரத்தோடு கிடைப்பது அதனினும் அரிது. வியாபாரியின் பன்னிரண்டாயிரத்துக்கு நான் மாற்று விலை சொல்லமாட்டேன். படம் பார்த்து விலை சொல்வதில்லை என்பது என் வழக்கம். ஆனால் அவர் வாங்கினால் செய்யப்போவது தெரியும். தராசு ஒருவருக்கு, ஹம்சம் ஒருவருக்கு, குழாய் வேறொருவருக்கு என்று பிரித்துவிடுவார். பாட்டையாவின் பெயர் முதல் விற்பனையிலேயே உதிர்ந்துவிடும். இன்னொன்று: குழாயின் வாய்ப்பக்கத்து வெள்ளை வளையம் தந்தமாக இருக்கலாம் என்று படுகிறது. தந்தம் என்றால் விற்பது சட்டப்படி முடியாது. எலும்பா தந்தமா என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். அதுவரை விலைப் பேச்சை நிறுத்தி வையுங்கள்.

இனி நீங்கள் கேட்க வந்த கேள்வி. பாட்டையா அபினி பிடித்தவரா?

‘இல்லை’ என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். காரணங்கள் கையில் இருந்தன. தமிழர்கள் அபினியை விழுங்கினார்களே ஒழிய, படுத்துப் புகைப்பது பெரும்பாலும் சீனர் வழக்கம். கடனுக்கு ஈடாக ஒரு சீன வணிகர் வைத்துவிட்டுப் போனதாக இருக்கலாம். ஊர் திரும்புகிறவருக்கு யாரோ வேடிக்கைப் பொருளாகக் கொடுத்ததாக இருக்கலாம். இப்படியெல்லாம் எழுதி முடித்த பிறகு உங்கள் ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

குமிழின் கழுத்தில் ஒரு துணி சுற்றியிருக்கிறது. குமிழ் குழாயில் ஆடாமல் இறுக உட்காருவதற்கும் ஆவி கசியாமல் இருப்பதற்கும் அப்படித் துணியோ காகிதமோ சுற்றுவது வழக்கம். நாளாவட்டத்தில் அது நைந்துபோகும், புகைப்பவர் புதிதாகச் சுற்றிக்கொள்வார். உங்கள் குமிழில் உள்ள துண்டு பழுப்பேறிக் கிடக்கிறது. ஆனால் கீழ் ஓரத்தில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஓர் அரக்குக் கோடு தெரிகிறது, அதையொட்டி இன்னொரு மெல்லிய கோடு. அது வேட்டிக் கரை. நான் பார்த்த குமிழ்களில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

வேட்டியைக் கிழித்துச் சுற்றியவர் பாட்டையாதான் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கிட்டங்கியில் ஒரே கூடத்தில் பத்துப் பேர் பெட்டி வைத்துப் படுத்தார்கள். யாருடைய வேட்டியாகவும் இருக்கலாம். ஆனாலும் குழாய் வெறும் வேடிக்கைப் பொருளாகப் பெட்டியில் கிடக்கவில்லை, வேட்டி கட்டிய ஒருவர் கையில் பயன்பட்டிருக்கிறது. அதே கண்ணோடு மற்றதையும் பார்த்தேன். மூங்கில் இன்னும் தேன் நிறத்தில்தான் இருக்கிறது. வருடக்கணக்கில் நாள்தோறும் புகைத்த குழாய் கருஞ்சிவப்பாகிவிடும், வாய்ப்பக்கம் தேய்ந்து வழவழப்பாகும். உள்ளே கசடும் மெல்லிய படலம்தான். அதையும் யாரும் சுரண்டவில்லை. பழக்கத்துக்கு அடிமையானவர் கசடை இப்படி விட்டுவைக்கமாட்டார், அது காசு. இது பயன்பட்ட குழாய், ஆனால் அதிகம் உழைக்காத குழாய். ஒரு கட்டத்தில் நிறுத்தி மூடி வைத்தது போல இருக்கிறது. மூன்று வருடக் கணக்குக்கு (வேலைத் தவணைக்கு)ப் போய், வீட்டு முகம் பார்க்காமல், இரவில் அந்தக் கூடத்தில் படுத்திருந்த ஒரு கணக்குப்பிள்ளையின் காய்ச்சலோ பல்வலியோ தனிமையோ இதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். திருவாசகம் படித்தவருக்கும் பல்வலி வரும்.

உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பெட்டிக்குள்ளோ, வீட்டில் வேறெங்கோ அவருடைய சொந்தச் செலவுக் குறிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். நகரத்தார் வீட்டில் பேரேடும் ஐந்தொகையும் எளிதில் வெளியே போவதில்லை. கடைக் கணக்கை விடுங்கள், கைச்செலவுக் கணக்கைப் பாருங்கள். சவரம், வெற்றிலை, தபால் என்ற வரிசையில் ‘சண்டு’ என்று ஒரு வரியும் அதற்கு நேரே ஒரு தேதியும் இருந்தால், எப்போது தொடங்கி எப்போது நின்றது என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார் என்று பொருள். அவர் கணக்கெழுதியவர் என்பதால் எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது.

அதுவரை ஐந்து பொருள்களையும் ஒன்றாகவே வையுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக் பை வேண்டாம். சலவை செய்த பழைய பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, மூங்கிலை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்கையாக வைத்தால் வெடிக்காது. எண்ணெய் தடவாதீர்கள். குமிழின் அடியில் சின்னதாக ஒரு சீன முத்திரை குத்தியிருப்பது மங்கலாகத் தெரிகிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து இன்னொரு படம் எடுத்து அனுப்பினால், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுகிறேன். படம் எடுப்பதற்காகக் குமிழைத் திருகிக் கழற்ற வேண்டாம். தெரியாமல் கழன்று, அந்தக் கரைத்துணி உதிர்ந்துவிட்டால், உதிர்ந்த நூலையும் ஒரு காகித உறையில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள்.